சு. யாழினியின் அப்பா

பட்டாபிராமில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் என் பெயரை இதுவரை யாரும் முழுதாகக் கூப்பிட்டதில்லை. சீட்டைப் பார்க்கும் நர்ஸ் ஒரு நொடி திணறுவார். பிறகு முன்பாதியை விழுங்கிவிட்டு “முத்து” என்பார். மூன்று பேர் எழுந்து நிற்போம். அவரைக் குறை சொல்ல முடியாது. நோயாளிகள் நடுவே “சுடலைமுத்து” என்று உரக்கக் கூப்பிட்டால் பாதிப் பேர் வைத்தியமே வேண்டாமென்று கிளம்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் சுடலை என்றால் சுடுகாடு, அவ்வளவுதான்.

தாமிரபரணிக்குத் தெற்கே அது சாமி. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் “ஏலே சுடலை” என்று ஒரு குரல் கொடுத்தால் கண்டக்டர் உட்பட ஏழு பேர் திரும்புவோம். அம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் உன் பெயர்தான் என்று சுடலைமாடனிடம் நேர்ந்துகொண்டாள். மயானத்தில் காவல் நிற்பவன் பெயரை வைத்துவிட்டால் சாவு ஆள் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போய்விடுமாம். மற்ற ஆறு பேருக்கும் ஏறக்குறைய இதே கதை. பிழைத்துக்கொண்டவர்களின் பெயர் அது. பிழைக்க வைத்த சாமிக்கு நான் செய்த ஒரே கைம்மாறு, பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியது.

இங்கே வந்து பதினேழு வருஷம். காலை ரயிலில் சென்ட்ரல் வரைக்கும் நின்றுகொண்டே போவதுகூடப் பழகிவிட்டது. வீட்டுக்காரர், வங்கி, கூரியர் என்று ஒவ்வொருவரிடமும் “சாமி பேருங்க” என்று விளக்குவதுதான் அலுத்துவிட்டது.

போன மாதம் மகள் யாழினி வந்து நின்றாள். பத்தாம் வகுப்பு.

“மார்க் ஷீட்ல உன் பேரு முழுசா வருமாம்பா. இப்பவே கிளாஸ்ல என்னை சுடுகாடுன்னுதான் கூப்பிடுறாங்க. மாத்திடேன், ப்ளீஸ்.”

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி என்றேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

சனிக்கிழமை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பெயர் மாற்ற விண்ணப்பம் நிரப்புகிறவர் கேட்டார்.

“பழைய பேரு இன்னா அண்ணாத்தே?”

சொன்னேன். தட்டிய விரல் நின்றது.

“மெய்யாலுமேவா?”

“சாமி பேருங்க.”

“அத்த மொதல்ல சொல்லு. பயந்தே பூட்டேன். புதுப் பேரு?”

“முத்து.”

“காரணம்? நியூமராலஜின்னு போட்டுடறேன். அல்லாரும் அத்தான் போடுறாங்க.”

அம்மாவின் நேர்ச்சையை எண் கணிதம் ஒரே தட்டில் வென்றது. தலையாட்டினேன்.

“புள்ளைங்க எதுனா கீதா?”

“ஒரு பொண்ணு.”

“அப்ப அதுக்கும் இனிஷியல் மாத்தணும் நைனா. சு போயி மு. அது தனி அப்ளிகேஷன்.”

பதினைந்து வருஷம் அப்பாவாக இருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கிருந்தே யாழினிக்குப் போன் போட்டேன்.

“எம். யாழினியா? அவ ஏற்கெனவே எங்க கிளாஸ்ல இருக்காப்பா. மூணு யாழினி இருக்கோம். நான் எல்கேஜிலேருந்து எஸ். யாழினி.”

யாருக்குமே இல்லாத பெயராக வேண்டுமென்று நானும் மனைவியும் புத்தகம் வாங்கித் தேடி வைத்த பெயர் அது. அந்தப் புத்தகத்தை ஊரே வாங்கியிருக்கிறது. மற்ற இரண்டு பேரிடமிருந்து என் மகளைப் பிரித்துக் காட்ட அவளுக்கு இருந்தது என் சுடுகாட்டின் முதலெழுத்து மட்டும்தான்.

“அப்புறம் வர்றேன்” என்று விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு கிளம்பினேன். “பொண்ணாண்ட நல்லா கேட்டுகினு வா” என்றார் அவர்.

சாயங்காலம் யாழினி பொதுத்தேர்வுக்கான பள்ளிப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாணவர் பெயர்: சு. யாழினி. பேனாவால் எழுதியிருந்தாள். தந்தை பெயர் என்ற இடத்தில் பென்சிலால் ‘முத்து’.

“ரெண்டும் பொருந்தலயேம்மா.”

“தெரியும்பா. திங்கக்கிழமைதானே குடுக்கணும்.”

குனிந்து பார்த்தேன். கட்டத்தின் தொடக்கத்திலிருந்து அவள் எழுதவில்லை. முத்துவுக்கு முன்னால் மூன்றெழுத்து அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.