உங்கள் தட்டில் மீந்தது

பிள்ளைகளே, நான் உங்கள் இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்தட்டும், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள். அப்போது பெரியவள் இரண்டாம் வகுப்பு. சின்னவனுக்கு நினைவே இருக்காது. நூற்று முப்பது கிலோ இருந்தேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள், உட்கார இடமும் இருக்காது. சர்க்கரைக்குக் காலையிலும் ராத்திரியிலும் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்வேன். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு இட்லிக்கு மேல் உள்ளே போகவில்லை. உடம்பு இறங்கியது, ஊசியும் நின்றது. அந்த ஊசி டப்பாவை நானே குப்பையில் போட்டேன். இனிமேல் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். வயிற்றைத்தான் வெட்டினார்கள், கையை வெட்டவில்லை என்பது புரிய எனக்கு நாலைந்து வருஷம் ஆனது.

ஒரகடத்தில் எங்கள் பிளாண்டில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கை கழுவி, கார்டைக் காட்டி, வரிசையில் நின்று உட்காரும்போது பதினைந்து நிமிஷம்தான் இருக்கும். வெட்டிய வயிற்றுக்காரன் ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். லைன் அதற்காக நிற்குமா? அவசரமாக முழுங்கினால் நெஞ்சில் அடைத்து வாந்தி வரும். அதனால் சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்துக் குடிக்கப் பழகினேன். கரைத்த சோறு வயிற்றில் நிற்காது. ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

அந்தப் பசியோடுதான் வீட்டுக்கு வருவேன். வந்தால் உங்கள் தட்டுகள். பெரியவள் அரைத் தோசை வைப்பாள். சின்னவன் சோற்றைப் பிசைந்து, நாலு வாய் தின்று, ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு ஓடுவான். தட்டில் சோறு வைத்து எழுந்தால் முதுகில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவன் நான். எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். நின்றுகொண்டே. உங்கள் அம்மா சட்டியின் அடியில் விட்டதையும் வழித்துவிடுவேன். அது என் சாப்பாடு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வீட்டைச் சுத்தம் செய்கிற மாதிரி ஒரு வேலை என்றுதான் நினைத்தேன்.

இறங்கிய எடை மறுபடி நூற்றைந்துக்கு ஏறியது. சர்க்கரையும் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று மாதம் கெடு வைத்தார். அதற்குள் சாப்பாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்து சர்க்கரையை இறக்காவிட்டால் பழையபடி ஊசி. தின்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு இரண்டு வாரம் கழித்து டயட்டீஷியனைப் பார்க்கச் சொன்னார்.

எழுதினேன். காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி ஒரு சப்பாத்தி. அம்மாவுக்கு வல்லம் வடகாலில் பாக்கிங் வேலை, லீவு கிடைக்கவில்லை. இங்கிலீஷில் இருக்கும் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல பெரியவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டயட்டீஷியன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் சாப்பிட்டால் எடை ஏறாதே என்றார். பிள்ளைகள் மேல் சத்தியமாக இவ்வளவுதான் என்றேன்.

பெரியவள் வாயைத் திறந்தாள்.

"நாங்க தட்டுல வெக்கிறத எழுதல மேடம். எல்லாத்தையும் அவருதான் துன்றாரு. நேத்திக்கு என் தோச ஒண்ணு, தம்பி சோறு, அப்புறம் சட்டில இருந்த பொரியலு."

ஏன் எழுதவில்லை என்று டயட்டீஷியன் என்னைக் கேட்டார்.

"அது சாப்பாடு இல்லீங்க மேடம், மிச்சம்" என்றேன்.

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல் பேனாவை எடுத்து நோட்டில் ஒரு கோடு போட்டு, இனிமேல் இந்தப் பக்கம் மிச்சத்தை எழுதுங்கள் என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. முட்டை, மீன், சுண்டல் முதலில், சோறு கடைசியில், சாப்பிடும்போது தண்ணீரோ ரசமோ கூடாது. பெரியவள்தான் குறித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்: "பெத்த அப்பன ஊரான் முன்னாடி காட்டிக் குடுத்துட்ட இல்ல. நல்லா இரு."

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "பொய் எழுதுனது நீ. படிக்கத் தெரியாதுன்னு என்ன இட்டுனு போனதும் நீ."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம். பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைக்காமல் தள்ளி வைத்துவிட்டுப் போவாள்.

மறுநாளே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். இனி யார் தட்டிலும் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. நீங்கள் மீதி வைப்பதால்தான் நான் தின்கிறேன், தப்பு உங்களுடையது என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை சேமியா உப்புமா. சின்னவனுக்குப் பிடிக்காது, பாதி வைத்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். முடியவில்லை என்றான். விடவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாயாக எண்ணினேன். கண்ணில் தண்ணீர் வழிய முழுங்கிக்கொண்டே இருந்தான். கடைசி வாய்க்கு முன்னால் அவ்வளவும் தட்டிலேயே வெளியே வந்தது.

என்னிடம் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசாத உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"வயித்த அறுத்துக்கினது நீ. அவன் வயித்த ஏன்யா ரொப்பற?"

நெஞ்சில் அடைத்துக்கொண்டு வாந்தி வருவது எப்படி இருக்கும் என்று நம் வீட்டில் எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் செய்தேன். சின்னவனிடம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, கோபம்தான் இருந்தது. இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

அன்று முதல் அம்மா ஒரு பிளாஸ்டிக் வாளியை வாசலில் வைத்தாள். நம் பென்னலூரில் இன்னும் மாடு வைத்திருக்கும் வீடு ஒன்றிலிருந்து ஆள் வந்து மாட்டுக்குக் கழனித் தண்ணீர் எடுத்துப் போவார். மீந்த சோறெல்லாம் அந்த வாளிக்கு. முதல் வாரம் அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. நல்ல சோறு, அரிசி கழுவிய தண்ணீரில் மிதக்கிறது. மூன்றாம் நாள் என் கை பாதித் தோசைக்குப் போய்விட்டது. பெரியவள் தட்டை இழுத்தாள், நானும் இழுத்தேன், சட்னி சுவரில் தெறித்தது. நாற்பத்து மூன்று வயது ஆளும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் எச்சில் தோசைக்கு இழுத்துக்கொண்டு நின்றோம். தட்டை விட்டது நான்தான். அன்று ராத்திரி நோட்டில் முதல் தடவையாக உண்மையை எழுதினேன்: தோசைக்குக் கை போனது, தின்னவில்லை.

கம்பெனியில் யாரும் உதவவில்லை. சாப்பிடக் கூடுதலாகப் பத்து நிமிஷம் கேட்டேன். சூப்பர்வைசர், உனக்காக லைன் நிற்காது, முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். சரி என்று சாப்பாட்டை இரண்டாக உடைத்தேன். டீ நேரத்தில் போண்டாவை வாங்காமல் வீட்டிலிருந்து கொண்டுபோன அவித்த முட்டையை மென்று தின்பேன். மதியம் சுண்டல், காய், அதற்குப் பிறகு நேரம் இருந்தால் சோறு. பெல் அடித்தால் தட்டில் என்ன இருந்தாலும் எழுந்துவிடுவேன். குப்பைத் தொட்டியின் பக்கத்தில், எத்தனை கிலோ சோறு வீணானது என்று எழுதிய போர்டை வைத்துக்கொண்டு ஒரு கேன்டீன் ஆள் நிற்பான். அவனுக்கும் எனக்கும் தினமும் சண்டை. நெல் விளைந்த ஊரில் சோற்றைக் கொட்டுகிறாயே என்பான். தொட்டியில் கொட்டாவிட்டால் என் வயிற்றில்தான் கொட்ட வேண்டும், அது தொட்டி இல்லை என்பேன். என் லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "எண்ணே, கல்யாண வீட்டுக்குப் போனாலும் மொய்ய வச்சிட்டு எலைய மட்டும் பாத்துட்டு வந்துருவீயளோ?" மேஜையே சிரித்தது. அதற்குப் பிறகு நான் தனியாக உட்கார்ந்தேன். தனியாக உட்கார்ந்தால் மெதுவாக மெல்ல முடிகிறது.

மூன்று மாதம் முடிந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். பெரியவள்தான் வந்தாள், கூப்பிட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து சீட்டை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள்.

"கொறஞ்சிகீது," என்றாள். "நல்லா இல்ல. ஆனா கொறஞ்சிகீது."

டாக்டரும் அதையேதான் சொன்னார். இப்போதைக்கு ஊசி வேண்டாம், மாத்திரை போதும், மறுபடி மூன்று மாதம் கழித்து வா என்றார். எடை நாலு கிலோதான் இறங்கியிருந்தது. வெளியே வந்து சீட்டைக் கேட்டேன். பெரியவள் தரவில்லை. நாலாக மடித்துத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"உன்கிட்ட குடுத்தா நீ பாஸாயிட்டேன்னு நெனச்சிக்குவ."

அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, மிச்சத்துக்கென்று கோடு போட்ட பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, ஒன்றுமில்லை என்று எழுதி, அவள் பார்க்கட்டும் என்று மேஜை மேல் திறந்தே வைத்தேன்.