கம்பத்தில் ஏறிய நீலத் துணி

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். ஹட்டனில் படித்தவன் என்ற மிடுக்கு எனக்கு உண்டு. எந்தப் பெண் எந்த மலையில், எந்த நிரையில் கொழுந்து எடுப்பது என்று, ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் சொல்வது என் வேலை. சில நாள் ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியும் நிரை மாற்றுவார்.

கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளைக் காம்பரா என்ற பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில்தான் பால் கொடுக்க வரலாம். பிள்ளையின் பசியைத் தராசுதான் தீர்மானித்தது.

எங்கள் முதல் மகள் பிறந்த வருடம் அது. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு காம்பராவில் போய் உட்காருவாள். மகள் வாயைக் கோணினால் போதும், மடியில் போட்டுக்கொள்வாள்.

"இப்பத்தானே குடுத்த?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இங்கயும் வந்து பெரட்டு வைக்காதீங்க. பசிக்கிறது அவளுக்குத்தானே."

மற்றத் தொட்டில்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அவளும் ஆயாவும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு தாயும் தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் காம்பராவில் கொடுத்துவைப்பாள். எவள் பிள்ளை விரலைச் சப்பத் தொடங்குகிறதோ, அவள் துணி வாசல் கம்பத்தில் ஏறும். எதிர்மலையில் நிற்பவளுக்கு அது தெரியும். துணி ஏறியதும் இறங்கிப் போய்ப் பால் கொடுக்க நானும் சம்மதித்தேன். மலையில் பெண்களுக்கு அது ஒரே கேலி.

"அடியே, ஒன் மவன் கொடி ஏத்திட்டான்டி!"

"தொர பங்களாவுல கூட இம்புட்டு தடவ ஏத்த மாட்டாங்க. ஓடு, ஓடு!"

அதிகம் கேலிக்கு ஆளானவள் நீலத் துணிக்காரி. சின்னப் பெண்; அவளுக்கு அது தலைப்பிள்ளை. அவள் மகன் பெரும் பசிக்காரன். அவளோ என் மலையிலேயே வேகமான கைக்காரி. கொழுந்து பொங்கி வந்த காலத்தில், நிறை ஏன் குறைகிறது என்று துரை என்னைக் கேட்டார். மறுநாள் பெரட்டில் அவளுக்கு முகட்டுக்கு அப்பால் நிரை கொடுத்தேன். அங்கிருந்து கம்பம் தெரியாது. தெரிந்துதான் கொடுத்தேன். அவள் கூடையை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

சில நாட்களில் அவளுக்கு மார் கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆயா பிள்ளைக்குப் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் விட்டபோது பால் குறைந்திருந்தது. பிள்ளை மார்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான்.

அன்று மாலை, நான் காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "அந்த நீலத் துணிப் புள்ளைக்குக் கொடி தெரியாத பக்கம் நெர போட்டது யாருங்க?"

"பெரிய கங்காணி" என்றேன்.

அவள் நம்பினாள். மறுநாளிலிருந்து மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் லயத்து வீட்டுக்குப் போனாள். போத்தலை ஒதுக்கிவைத்துக் கரண்டியால் புகட்டச் சொன்னாள். சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தாள். பிள்ளையைத் துணியில்லாமல் தாயின் நெஞ்சில் கிடத்திக் கம்பளியால் மூடினாள். "அழுதப்புறம் குடுத்தா அவனுக்குக் கோவந்தான் வரும். அரைத் தூக்கத்துல மெல்ல வையி. அவன் சப்பச் சப்ப ஊறும்" என்பாளாம்.

ஒரு மாலை மழையில் நனைந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "குடிச்சிட்டாங்க! முழுங்குற சத்தம் கேட்டுச்சு!" அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண் வேலைக்குத் திரும்பிய நாளில் கம்பத்துக்கு நேரெதிரே நிரை கொடுத்தேன். நீலம் ஏறியதை எல்லோருக்கும் முன்னால் நான்தான் பார்த்தேன். "போம்மா, ஒன் மவன் கூப்புடுறான்" என்று கத்தினேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கங்காணியை மட்டும் என் மனைவி மன்னிக்கவில்லை. வேலை விஷயம் பேச வரும்போதெல்லாம் அவருக்குச் சீனியில்லாத தேநீர்தான்.

"அம்மாவுக்கு எம்மேல என்னங்கய்யா கோவம்?"

"சீனிக்குத் தட்டுப்பாடு" என்றேன்.

அவளும் கங்காணியும் கடைசிவரை உண்மை தெரியாமலே காலமானார்கள்.

நான் அப்படிச் சொன்ன பிறகு கங்காணி அடுத்த முறை வரும்போது, தம் வீட்டுச் சீனியைக் கொஞ்சம் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தார். மனைவி அதை அப்படியே என் கோப்பையில் கொட்டிக் கலக்கினாள். கங்காணி தன் சீனியில்லாத கோப்பையோடு பார்த்திருக்க, நான் குடித்தேன்.