நடுப்பகலில் எலி

மெல்பேர்னில், பிளிண்டர்ஸ் லேனிலிருந்து ரிச்மண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். கையில் ஸ்பிரிட் நாற்றம். அண்ணையின் கடையில் எனக்கு இனி வேலை இல்லை. அங்கே விற்ற மணிக்கூடுகளுக்கு முகத்தட்டு வரைந்த கிழவரிடம் அதைச் சொல்லத்தான் போனேன்.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். மலிவான கைமணிக்கூடுகளுக்குப் புது முகத்தட்டு ஒட்டி விற்பவர். ஒட்டுவது நான். அந்த வருடம் ஒரு ஜப்பானியக் கிழவரைக் கொண்டு தட்டுகளை வரைவித்தார். ஜப்பானியரின் பழைய கணக்கில் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு மிருகங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். நள்ளிரவுக்கு எலி, நடுப்பகலுக்குக் குதிரை. முள் நாளுக்கு ஒரு சுற்றுத்தான் வரவேண்டும். கிழவர் அப்படியே வரைந்து, ஒவ்வொன்றின் அடியிலும் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். அண்ணை உள்ளே வைத்தது வழக்கமான பன்னிரண்டு மணி இயந்திரம். முள் இரண்டு சுற்றுச் சுற்றியது. நடுப்பகலில் எலி வந்தது.

கிழவர் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. தன் பெயரை மட்டும் அழித்துவிடச் சொன்னார். தன் நாட்டுக்காரர் யாராவது கண்டால், இவனுக்கு நேரமே தெரியாது என்பார்களாம்.

அவர் போனதும் அண்ணை சிரித்தார்.

"பேர் இருந்தாத்தான்ரா சாமான் போகும். எலி எப்ப வந்தா வெள்ளைக்காரனுக்கு என்ன?"

"அந்தாளுக்கு வெக்கமெல்லே அண்ணை."

"எட்டாம் வகுப்புக்காரா, நீ ஒட்டுற வேலையைப் பார்." மணிக்கூடுகள் அடுக்கிய பெட்டியைக் கயிற்றால் கட்டப் போனவர் கையை எடுத்தார். "பொறு, ராகுகாலம். முடியட்டும், பிறகு அனுப்புவம்."

அந்த ராகுகாலம் யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் பார்த்தது. மெல்பேர்ன் சூரியன் வேறு நேரத்தில் எழும்புகிறது என்பதை அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. தன் கெட்ட நேரத்துக்கு, அதுவும் பிழையான நேரத்துக்கு, ஒரு கயிற்றைத் தொடப் பயப்படுகிற மனிதர் இன்னொருவருடைய நாளையே புரட்டி விற்கிறார்.

அவர் சாப்பிடப் போனதும் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடிகளைக் கழற்றி, ஸ்பிரிட் துணியால் பெயரை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கடைசித் தட்டைத் துடைத்து முடிக்கையில் அண்ணையிடம் பிடிபட்டேன்.

"எளிய நாயே, வெளியில போ!"

"போறன் அண்ணை. ராகுகாலம் முடிஞ்சுதோ?"

ரிச்மண்டில் கிழவர் கதவைத் திறந்தார். அழித்துவிட்டேன் என்றேன். எல்லாவற்றையுமா என்று கேட்டார். நாலு மணிக்கூடுகள் முந்தின கிழமையே அவர் பெயரோடு விற்றுப் போயிருந்தன. அவற்றையும் ஒட்டியது நான்தான். சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். அண்ணையை விட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை புட்ஸ்கிரேயில் ஒரு தோல் ஆலையில் சேர்ந்தேன். ஆட்டுத்தோலில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டும் வேலை. கையுறை தரமாட்டோம் என்றார்கள். சரி என்றேன்.