தகட்டுக்கு இந்தப் பக்கம்

வேலை பார்க்கும் இடத்தில் அவருக்கு 'நெருப்பண்ணன்' என்று பேர். ஜப்பானிய உணவகத்தில் தெப்பன்யாகி சமையல்காரர். பெரிய இரும்புத் தகட்டைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் கண்ணெதிரே வெங்காய வளையங்களை அடுக்கித் தீ மூட்டுவார், முட்டையைத் தூக்கிப்போட்டுக் கரண்டி விளிம்பில் உடைப்பார். குழந்தைகள் கைதட்டும். நின்று நின்று கால் மரத்துப்போவது யாருக்குத் தெரியப்போகிறது? ஊரே சாப்பிடும் நேரம்தான் அவருக்கு வேலை நேரம். கல்யாணமானதிலிருந்து ஒரு ராத்திரிகூட மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. "நகை நட்டு எதுவும் வேண்டாம். நீங்க செய்யற அதே சாப்பாட்டை வேற யாராவது செஞ்சு போடட்டும். ஒரு நாள் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

லீவு போட்டார். வேறோர் உணவகத்தில், தகட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். முதுகுக்குச் சாய்மானம் கிடைத்ததும் கண் சொருகியது. "தூங்கிடாதீங்க" என்று விலாவில் இடித்தாள் மனைவி.

சோறு பாதி வறுபடும்போது எண்ணெய் தெறித்து, சமைத்துக்கொண்டிருந்தவர் கையைச் சுட்டுக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். சோறு தீயத் தொடங்கியது. நம் ஆள் சும்மா இருப்பாரா? எழுந்து அந்தப் பக்கம் போய்க் கரண்டியை எடுத்தார். புரட்டினார், தலையை எண்ணினார், தட்டு தட்டாகப் பிரித்துப் போட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை. நிமிர்ந்தபோதுதான் பார்த்தார், மனைவிக்குப் பக்கத்துத் தட்டு காலியாக இருந்தது. தன்னைக் கணக்கில் சேர்க்கவே மறந்திருந்தார். சமைக்கிறவனை என்றைக்கு எண்ணியிருக்கிறார், இன்றைக்கு எண்ண?

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பழக்கதோஷம். நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் கெடுத்துட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் தன் தட்டை இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நகர்த்தினாள்.

"எனக்கும் அதே பழக்கம்தாங்க. தினம் ராத்திரி வீட்டுல தட்டு எடுத்து வைக்கறப்போ உங்களை எண்ணுறதே இல்ல. எப்போ விட்டேன்னுகூட ஞாபகமில்ல. உக்காருங்க, ஆறிடும்."

உட்கார்ந்தார். கரண்டி இன்னும் கையில்தான் இருந்தது. அவளே அதை வாங்கி ஓரமாக வைத்தாள்.