மாமனார் பெயரில் இருந்த அப்பா

என் அப்பாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. வேலை பெர்மிட் இல்லாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றிய காலத்தில், என்னைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு அவரும் பினாங்குத் துறைமுகத்தில் ஏறிப் போனார். கடிதம் இல்லை. வீட்டில் ஒரு படமும் இல்லை. ஐம்பது தாண்டிய பிறகும் கப்பல்துறைப் பக்கம் போனால் என் கண் சும்மா இருக்காது. போகிற வருகிற கிழவர்களின் தாடையில் என் தாடையைத் தேடும்.

சுங்கை பாக்காப்பில் அவர் பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தின் பழைய பதிவேடுகள் வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றில் இருக்கின்றன, தொழிலாளர் பக்கங்களில் படம் ஒட்டியிருக்கிறது, கேட்டால் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள் என்று தெரிந்தது. அன்றைக்கே அப்பாவின் பெயரைப் போட்டு விண்ணப்பித்தேன். அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. கீழே ஒரு வரி: பதிவேடு குடும்பப் பெயர் வரிசையில் இருக்கிறது.

நமக்கேது குடும்பப் பெயர்? இன்னார், இன்னாரின் மகன் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எழுதியிருப்பார். கடைசியில் நின்ற பெயரை வெள்ளைக்காரத் துரை குடும்பப் பெயராகப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் அப்பா தன் அப்பாவின் பெயருக்குப் பின்னால் நிற்கிறார். அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் என்னோடு இருக்கும் அம்மா.

"மாமனார் பேர வாயால சொல்லச் சொல்றியா? நல்லா வளத்தேன் லா உன்ன!"

"எழுதியாச்சும் காட்டும்மா."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் ஃபேக்டரில டாய்லட் கழுவுனேன்?" பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "முருகன் பேருதான். அவ்வளவுதான் சொல்வேன்."

முருகனுக்குப் பெயரா குறைச்சல்! தாளை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிப் படித்தேன்.

"இல்ல."

அடுத்தது.

"அது படிச்சவங்க வைக்கிற பேரு லா. இல்ல."

பதினொன்றாவது பெயரைப் படித்தபோது பதில் வரவில்லை. நிமிர்ந்தேன். அம்மா தோள்துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். "தண்ணி கொதிக்குது," என்று அடுப்படிக்குப் போனாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

அந்தப் பெயரைப் போட்டு மறுபடி விண்ணப்பித்தேன். மூன்று வாரத்தில் ஸ்கேன் வந்தது. கைப்பேசியில் திறந்தேன். கட்டைவிரல் அளவு படம். இருபது வயது சொச்சம். கழுத்துக்குப் பெரிதான காலர். என் தாடை. அப்பா என்று கூப்பிடத்தான் இத்தனை காலம் வாயை வைத்திருந்தேன். என் வயதில் பாதிகூட ஆகாத இந்தப் பையனை எப்படிக் கூப்பிடுவது?

அம்மாவிடம் காட்டினேன். கன்னத்தைத் தொட இரண்டு விரலை வைத்தாள். படம் விரிந்து விரிந்து, திரை முழுக்க ஒரு காது மட்டும் நின்றது.

"ஐயோ, எங்க போனாங்க?"

படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்தமாதிரி கப்பல் லிஸ்டும் வச்சிருப்பாங்களா?"

"இருக்கலாம்மா. அவரு போன கப்பலத் தேடவா?"

"போனதத்தான் நானே நின்னு பாத்தேனே. அதுக்கப்புறம் இங்க வந்த கப்பலப் பாரு."

அம்மாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். விண்ணப்பத்தைத் திறந்தேன். எந்த வருஷம் என்று கேட்டிருந்தது.

"எல்லா வருஷமும் போடு," என்றாள்.