சிவப்பு லேபிள் சுற்றிய ஸ்பூன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமா ஒரு டப்பா பிளாஸ்டிக் கட்டைகள் வாங்கிக் கொடுத்தார். ஒன்றோடொன்று மாட்டி வீடு கட்டுகிற கட்டைகள். கூடவே கட்டைவிரல் உயரத்தில் நான்கு பொம்மை மனிதர்கள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விருதுநகரில் மிளகாய் மண்டியில் வேலை பார்த்தார். பொம்மைகள் வெறுங்கையோடு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. போனில் தேடி, அவற்றின் கையில் மாட்டுவதற்கென்றே தனியாக விற்கும் ஒரு பாக்கெட்டை வரவழைத்தார். வாள், மண்வெட்டி, குடை, தோசைக் கரண்டி என்று இருபது சாமான்கள். எதுவும் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

சிக்கல் என்னவென்றால், பொம்மையைச் செய்தது ஒரு கம்பெனி, சாமானைச் செய்தது வேறொரு கம்பெனி. பொம்மையின் கை வளையம் போல வளைந்திருக்கும். அதை மூடவும் முடியாது, விரிக்கவும் முடியாது. கொடுத்த சாமான் எல்லாம் நழுவி நழுவி விழுந்தது.

“மாப்பிள்ளை ஒரு ஊரு, சட்டை தச்சவன் வேற ஊரு. தொளதொளன்னுதான் இருக்கும்” என்று சொல்லி மாமா நழுவிக்கொண்டார்.

நான் விடவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பட்டாசுக்கு வெற்றுக் குழாய் உருட்டுவார்கள். எங்கள் வீட்டிலும் அம்மா இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றி, மைதாப் பசை தடவி உருட்டிக்கொண்டே இருப்பாள். வெடிமருந்து நிரப்புவதெல்லாம் கம்பெனியில்தான். அம்மா உருட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இது ஒரு வேலையா? காகிதத்தை நூல் போலக் கிழித்து, பசை தடவி, வாளின் பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பொம்மை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

எங்களோடு அத்தையும் இருந்தாள், அப்பாவின் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியில் தீப்பிடித்ததில் வலது கை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது விரல்கள் டம்ளரைப் பிடித்தது போல வளைந்து அப்படியே நின்றுவிட்டிருந்தன. வெளியே கிளம்பினால் முந்தானை எப்போதும் அந்தக் கைமேல்தான் கிடக்கும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் சாப்பிடுவாள். விசேஷ வீடுகளில் பந்திக்குக் கூப்பிட்டால், “எனக்கு வயிறு சரியில்ல” என்பாள். அத்தைக்கு ஏதோ தீராத வயிற்று நோய் இருக்கிறது என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாள் வெற்றிக்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தானை விலகி, கை பாயில் கிடந்தது. எனக்குப் பளிச்சென்று புரிந்தது. இது அதே கைதான்! சாமான்தான் பொருந்தவில்லை. உடனே ஒரு எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துப் பிடியில் காகிதம் சுற்ற ஆரம்பித்தேன். கொஞ்சம் சுற்றுவதும், மெதுவாக அவள் கைக்குள் நுழைத்துப் பார்ப்பதும், மறுபடி சுற்றுவதுமாக இருந்தேன்.

“ஏ புள்ள, அங்கன என்ன பண்ணிக்கிட்டு இருக்க?” என்று அத்தை கண்ணைத் திறக்காமலே கேட்டாள். எறும்பு ஊர்ந்தது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

நான்கு நாளில் அளவு சரியாக வந்தது. மேலே பட்டாசில் ஒட்டுகிற வழவழப்பான சிவப்பு லேபிள் ஒன்றைச் சுற்றி ஒட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமாவின் குழந்தைக்குக் காதுகுத்து வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் காட்டினால்தானே மதிப்பு!

காதுகுத்து அன்று விருதுநகரில் மண்டபம் நிறையக் கூட்டம். பந்தி ஆரம்பித்ததும் மாமாவின் மாமியார் வந்து அத்தையைக் கூப்பிட்டார்.

“வாங்கம்மா, இல போட்டாச்சு. இன்னும் இங்கனயே உக்காந்திருக்கீக?”

“எனக்கு வயிறு சரியில்ல. நீங்க சாப்பிடுங்க.”

நான் பாவாடைக்குள் செருகியிருந்த ஸ்பூனை உருவினேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்: “அத்தைக்கு வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கைதான் ஸ்பூனைப் பிடிக்காது. நான் பிடிக்கிற மாதிரி செஞ்சு கொண்டாந்திருக்கேன்!”

பந்தியில் பேச்சு நின்றது. சாம்பார் வாளியோடு வந்தவர்கூட நின்றுவிட்டார். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா என் தோளைப் பிடித்து இழுத்து, அடிக்கக் கையை ஓங்கினாள். எதற்கென்று விளங்காமல் நான் திருதிருவென்று விழித்தேன். உதடு பிதுங்க ஆரம்பித்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். அம்மாவின் ஓங்கிய கையைப் பார்த்தாள்.

“விடு மதினி. புள்ள ஆசையா செஞ்சிருக்கா” என்றாள்.

எழுந்துபோய் வரிசையின் நடுவில் இலைமுன் உட்கார்ந்தாள். முந்தானையை ஒதுக்கி, இரண்டு வருஷமாக ஊரார் யாருக்கும் காட்டாத கையை வெளியே எடுத்தாள். ஸ்பூனை அதில் நான்தான் மாட்டிவிட்டேன். கெட்டியாக நின்றது. சோற்றை அள்ளி வாயில் வைத்தாள். முதல் வாயில் பாதி சிந்தியது. ரசம் ஊற்றியபோது லேபிள் நனைந்து, சிவப்புச் சாயம் அந்த வெந்த விரல்களில் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. பாயசம் வரைக்கும் ஒரு வாய் விடாமல் சாப்பிட்டாள். கண்ணில் நீர் நின்றது. ரசத்தில் மிளகு கூடிவிட்டது என்று நினைத்தேன்.

என் மேல் விழ இருந்த அடியைத் தடுக்கத்தான் அவள் அந்த இலைமுன் உட்கார்ந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிடுகிறவர்கள், பரிமாறுகிறவர்கள், வாசலில் நின்றவர்கள் என்று மண்டபமே எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அத்தனை பேரும் என் கைவேலையைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, அத்தைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.