ஆவுடைத்தாயின் எல்கை

ஆவுடைத்தாய் தன் கூடப்பிறந்த அண்ணன் வீரபாண்டிக்கு இரண்டு லட்ச ரூபாய் கடன்பட்டிருந்தாள். கரி லோடு ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த புருஷன் தவசிக்கு மதுரையில் ஆபரேஷன் செய்ய வாங்கிய பணம். ஈடாக, வீட்டுக்குப் பின்னால் கிடந்த ஒன்பது ஏக்கர் வேலிக்கருவைக் காட்டின் பத்திரத்தை அண்ணன் கையில் கொடுத்திருந்தாள். கார்த்திகை பிறப்பதற்குள் பணம் வராவிட்டால் காட்டை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. திருச்சுழிக்குத் தெற்கே சோலார் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டுத் திரிவது வீரபாண்டிக்குத் தெரியும். ஆகையால் பணம் வராமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது.

கடனைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அண்ணனின் வாயைத் தாங்க முடியவில்லை. காரியாபட்டியில் ஒரு காதுகுத்து. பந்தியில் நூறு பேர் இருக்க, தங்கச்சி பச்சைச் சேலை கட்டி வருவதைப் பார்த்துவிட்டு, "அந்தா போகுது பாருங்க என் ரெண்டு லட்சம், கரை வச்ச சேலையில" என்றார். பந்தியே சிரித்தது. ஆவுடைத்தாய் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடவில்லை. பாயசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் அந்தச் சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்ததோடு சரி, அப்புறம் கட்டவில்லை.

அவள் சாதாரணப்பட்டவள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். பதினைந்து வயதில் அடுத்தவன் கரிமூட்டத்தில் மூடை சுமந்தவள், நாற்பது வயதில் சொந்தமாக மூட்டம் போட்டாள். வேலிக்கருவையை வெட்டி, அடுக்கி, இலை தழை பரப்பி, மண்ணைப் போட்டு மூடி, உள்ளே தீயை வைத்து, மேலே வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே விறகா கரியா என்று சொல்லுவாள். அவள் கரி சாம்பலானது என்று இதுவரை எந்த வியாபாரியும் சொன்னதில்லை. மூடை ஏற்றும்போது எண்ணுகிறவளும் அவள்தான். ஒன்று என்ற சொல் அவள் வாயில் வராது. முதல் மூடைக்கு "லாபம்" என்பாள், அடுத்தது "ரெண்டு." அப்படி எண்ணத் தொடங்கினால்தான் வியாபாரம் விளங்கும் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு.

மகன் மதன்குமார் அருப்புக்கோட்டையில் பைக் மெக்கானிக். மண்ணில் பாய்ச்சி ஓட்டுகிற உயரமான பைக்குகள் என்றால் அவனுக்கு உயிர். ஒரு லீவு நாளில் கூட்டாளிகளோடு கண்மாய்க்குள் ஓட்டப் போனவனை, கரை சேதமாகிறது என்று ஊர்க்காரர்கள் விரட்டிவிட்டார்கள். அன்று சோறு தின்கையில் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னான், மதுரையில் ஸ்டீபன் என்ற கூட்டாளி ஒரு தோப்புக்குள் ஓட்டப் போகிறானாம், ஒரு வண்டிக்கு முந்நூறு ரூபாய் வாங்குகிறார்களாம். ஆவுடைத்தாய் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். ஓட்டுவதற்கு வண்டிக்காரனே காசு கொடுக்கிறானா என்று இரண்டு தரம் கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டாள்.

மறுவாரம் மதன்குமார் கம்பெனிப் பயிற்சிக்கென்று கோயம்புத்தூர் போனான். அவன் திரும்பி வருவதற்குள் வேலிக்கருவைக் காட்டுக்குள் பைக் ஓட்ட ஒரு டிராக் போட்டு அவனை அசத்துவதென்று ஆவுடைத்தாய் முடிவு கட்டினாள். மணிக்கணக்கில் வாடகை பேசி ஜேசிபியை இறக்கினாள். பந்தயம் என்றால் அவளுக்குத் தெரியாததா? அவள் தகப்பனார் மாட்டுவண்டிப் பந்தயத்தில் அந்த வட்டாரத்துக்கே பேர் போனவர். பந்தயத்தில் வண்டி எந்த இடம் வரை போய்த் திரும்ப வேண்டுமோ அந்த இடத்துக்கு எல்கை என்று பேர். நேரே ஓட வேண்டும், எல்கையில் திரும்ப வேண்டும், போன வழியே வர வேண்டும். அப்படியே காட்டை மேற்கேயிருந்து கிழக்கே வகிடு எடுத்த மாதிரி வெட்டி, கடைசியில் ஒரு தார் டிரம்மை நட்டு, வெள்ளையும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்து, கொடியும் கட்டிவிட்டாள்.

மதன்குமார் வந்து பார்த்தான். டிரம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தான்.

"ஏம்மா, இது மாட்டுவண்டி எல்கைம்மா. பைக்கு டிராக்குன்னா சுத்தி வரணும். இதுல போறவனும் வாரவனும் நேருக்கு நேரா முட்டிக்கிட்டுச் சாவான்."

"மாடு முட்டாம வருதுல்ல? உங்க ஆளுகளுக்கு மாட்டு அளவுக்குக்கூட புத்தி கிடையாதா?" என்றாள். ஆனாலும் அவன் சொன்னதில் நியாயம் இருப்பது அவளுக்கு உறைத்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒருத்தர் போய் வந்த பிறகு அடுத்தவர் என்று ஓட்டிப் பார்க்கலாம் என ஸ்டீபன் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு வண்டியும் எல்கையைத் தாண்டி வரவில்லை. ஜேசிபி மரத்தைப் பிடுங்கியதே தவிர முள்ளைப் பிடுங்கவில்லை. மண்ணுக்குள் புதைந்து கிடந்த வேலிமுள் டயரில் ஏறி, அத்தனையும் பஞ்சர். பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே திருச்சுழி ரோடு வரைக்கும் போனார்கள். ஸ்டீபன் மரியாதையான பையன், காடு நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சேதி வீரபாண்டிக்குப் போயிற்று. டிராக்குப் பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடையையும் வைத்தால் கடன் அடைந்துவிடும் என்று டீக்கடையில் சொன்னாராம். ஜேசிபி வாடகை வேறு கடனுக்கு மேல் கடனாக நின்றது.

ஆவுடைத்தாய் நாலு நாள் காட்டுப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள், காட்டுக்குள் பழைய மூட்டம் போட்ட இடத்தின் வழியாகச் செருப்பில்லாமல் நடந்து போனவள் பாதியில் நின்றுவிட்டாள். காலில் ஒரு முள் குத்தவில்லை. மூட்டம் எரிந்த இடத்தில் முள் எங்கே இருக்கும்? அடியோடு வெந்து போயிருக்கும். கரிசல் மண்ணும் சேர்ந்து வெந்து, செங்கல் பொடி மாதிரி சிவந்து கிடந்தது. மூட்டத்தைப் பிரித்தபோது ஒதுக்கிய மண் பக்கத்திலேயே மேடு மேடாகக் குவிந்து நின்றது.

வீட்டுக்கு வந்து மகனை எழுப்பினாள். "ஏலே, உங்க வண்டி தாவிக் குதிக்கிறதுக்கு மேடு வேணும்ல, எம்புட்டு ஒசரம் வேணும்?" என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது வேகம். எல்கையிலிருந்து திரும்பி வரும் வழியைக் காட்டுக்குள் வளைத்து வளைத்து விட்டாள். அந்த வழி நெடுகவும், ஒன்றன் பின் ஒன்றாகக் கரிமூட்டம் போட்டாள். வெட்டிய மரத்தை அங்கேயே அடுக்கி அங்கேயே எரித்தாள். ஒரு மூட்டம் அடங்கினால் அதற்கு முன்னால் அடுத்தது. கரி லோடு லோடாக அருப்புக்கோட்டைக்குப் போக, பின்னால் முள் இல்லாத சிவந்த பாதை நீண்டுகொண்டே வந்தது. ஒதுக்கிய மண்ணை மேடாகத் தட்டித் தண்ணீர் தெளித்து, கண்மாய்க் கரை போடுகிற மாதிரி அடுக்கடுக்காகக் கெட்டித்தாள். நேர்பாதையை ஆள் விட்டுக் கூட்டி, மேலாகத் தீ போட்டு முள்ளைக் கருக்கினாள். டிராக் போட்டுக் காசு செலவழித்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். டிராக் போடும்போதே காசு பார்த்தவள் ஆவுடைத்தாய் ஒருத்திதான்.

ஆவணியில் ஸ்டீபன் மறுபடி வந்தான். எட்டுச் சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு ஞாயிறுதோறும் மதுரை, சிவகாசி, விருதுநகர் என்று வண்டிகள் வந்தன. ஐப்பசி பாதியில் கரி விற்றதும் ஞாயிற்று வசூலுமாகக் கடனில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. மீதிக்கு ஒரு பந்தயம் வைத்துவிடலாம் என்றாள்.

அதையும் மாட்டுவண்டிப் பந்தயம் மாதிரியே வைத்தாள். பெரிய வண்டி, நடு வண்டி, பூஞ்சிட்டு என்று மூன்று பிரிவு. பூஞ்சிட்டு என்றால் பந்தயத்தில் சின்ன மாடுகளுக்கான பிரிவு, இங்கே அது உள்ளூர்க்காரர்கள் கரி மூடை ஏற்றித் திரிகிற மொபெட்டுகளுக்கு. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, மல்லாங்கிணற்றிலிருந்து மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு மைக் பேசுகிற ஆனந்தகுமாரையும் வரவழைத்தாள். நோட்டீஸைப் பார்த்து எண்பது வண்டிக்கு மேல் பணம் கட்டினார்கள். நடக்காவிட்டால் அத்தனையும் திருப்பித் தர வேண்டும். தள்ளி வைக்கவும் வழியில்லை, அடுத்த ஞாயிற்றுக்குள் கார்த்திகை பிறந்துவிடும்.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் மழை கொட்டியது. வருஷமெல்லாம் எட்டிப் பார்க்காத மழை.

காலையில் பார்த்தால், சுட்ட மண் போட்ட வளைவுப் பாதை தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிண்ணென்று கிடக்கிறது. மேலாகக் கருக்கியிருந்த நேர்பாதை மட்டும் களியாகக் கிடக்கிறது. ஸ்டீபன் வண்டியை இறக்கிப் பார்த்தான். பத்தடியில் சக்கரத்தில் கரிசல் அப்பி வண்டி நின்றுவிட்டது. வீரபாண்டி குடையோடும் நாலு ஆட்களோடும் வந்து சேர்ந்தார். நுழைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தவசி கையை நீட்டினார். "மச்சான், டிக்கெட்டு அம்பது."

"நடக்காத பந்தயத்துக்கு என்னடா டிக்கெட்டு? கரிசல்ல மழை பெஞ்சா மாடே காலைத் தூக்காது. இவ மோட்டாரை ஓட்டப் போறாளாக்கும்" என்றார். ஆனாலும் வேடிக்கை பார்க்கும் ஆசையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

ஆவுடைத்தாய் அவரைப் பார்த்தாள், களியைப் பார்த்தாள், வளைவுப் பாதை ஓரத்தில் மிச்சம் குவிந்து கிடந்த சுட்ட மண்ணையும் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். டிராக்டர் களிக்குள் இறங்காது, மனுஷர்தான் சுமக்க வேண்டும். மூட்டத்து ஆட்கள் கூடையோடு ஓடினார்கள். மதன்குமார் இறங்கினான். காசு கட்டிவிட்டு நின்ற மதுரைப் பையன்களும், கையுறையும் மார்க்கவசமுமாக, சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆவுடைத்தாய் பாதை முகப்பில் நின்று முதல் கூடை விழும்போது "லாபம்" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். அதற்குப் பிறகு எண்ணிக்கை நிற்கவில்லை. உச்சிப்பொழுதுக்குள் கறுத்த பாதை சிவந்த பாதையாகிவிட்டது.

பிறகு நடந்ததை அந்த வட்டாரம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அத்தனை வண்டியும் எல்கை டிரம்மைச் சுற்றி, மூட்ட மேடுகளில் ஆள் உயரம் எழும்பி இறங்கின. ஆனந்தகுமார் மாட்டுவண்டி ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்ட பழக்கத்தில் மைக்கில் பைக் ஓட்டுகிறவர்களையெல்லாம் சாரதி, சாரதி என்றே கூப்பிட்டார், அவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. பெரிய வண்டியில் ஸ்டீபன் இரண்டாவதுதான் வந்தான். பூஞ்சிட்டில் ஆவுடைத்தாயிடம் கரி சுமக்கிற பெத்தம்மாள் தன் ஓட்டை மொபெட்டில் முதலாவதாக வந்து பரிசு அண்டாவைத் தட்டிக்கொண்டு போனாள். அதற்கு எழுந்த விசில் சத்தம் வேறெதற்கும் எழவில்லை. வீரபாண்டியும் விசிலடித்தார் என்று தவசி சொல்கிறார், அவர் மறுக்கிறார்.

திங்கட்கிழமை காலை வீரபாண்டிக்கு ஆள் அனுப்பினாள், பத்திரத்தோடு எல்கைக்கு வரச் சொல்லி. அவர் வந்தார். டிரம்முக்குப் பக்கத்தில் மகனும் மூட்டத்து ஆட்கள் நாலைந்து பேரும் இருக்க, தங்கச்சி நின்றாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள்.

பத்திரத்தை வாங்கி மகனிடம் கொடுத்தாள். மடியிலிருந்து பணத்தை எடுத்தாள். ஐந்நூறும் இருநூறும் நூறுமாக எட்டுக் கட்டு. ஓரங்களில் கரிக் கைகளின் தடம்.

"அண்ணே, கையை நீட்டுங்க."

"வீட்ல வச்சுக் குடுத்தா ஆகாதாத்தா?"

"காதுகுத்து வீட்ல நூறு பேருக்கு முன்னால கேட்டீகளே. நான் அஞ்சாறு பேருக்கு முன்னாலதானே குடுக்கேன்."

வீரபாண்டி உள்ளங்கையை விரித்தார். ஆவுடைத்தாய் முதல் கட்டை அதில் வைத்தாள்.

"லாபம்" என்றாள். அடுத்ததை வைத்தாள். "ரெண்டு." ஐந்தாவது கட்டில் அவர் மறு கையையும் அடியில் கொடுத்தார். எட்டு வரை நிறுத்தாமல் எண்ணினாள்.